ரப்பர் தொடாத அக்கா

ஒரு பெண்மணி என் முகத்தைக் கண் கொட்டாமல் பார்த்தால் அதற்குக் காரணம் என் அழகாகத்தான் இருக்கும் என்று நாற்பத்தெட்டு வயதிலும் நம்பிக்கொண்டிருந்த முட்டாள் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதி படித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடிப்பதைவிட நானே சொல்லிவிடுவது கொஞ்சம் மரியாதை.

பென்னாகரத்தில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. போர்வெல் மோட்டார் எரிந்துபோனால் பழைய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றித் தருவேன். நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி ஒரு கட்டத்தில் தலையும் சுற்ற ஆரம்பித்தது. டாக்டர் பிரஷர் மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, "மனசுக்குப் புடிச்சதா எதையாவது கத்துக்கங்க" என்றார். மனசுக்குப் பிடித்தது தூக்கம்தான். அதைக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, ஏற்கெனவே நன்றாக வரும். அதனால் ஓவியம் கற்கப் போனேன்.

தையல் கடைக்கு மேலே மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு. புதிதாகக் கற்கிறவர்களுக்கு மட்டும். மாஸ்டருக்கு என் மகன் வயதுதான் இருக்கும்; ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். "பாக்கறத வரைங்க, தெரிஞ்சத வரையாதீங்க" என்பது அவர் மந்திரம். எனக்கு இரண்டுமே வரவில்லை. நான் வரைந்த படங்களெல்லாம் இன்றும் பீரோ மேல் ஒரு கட்டாக இருக்கின்றன. முதல் படம் தண்ணீர்ச் செம்பு. பார்த்தால் மோட்டார் காயில் மாதிரி இருக்கும். அடுத்தது கத்தரிக்காய். அது காம்பு வைத்த காயில். அதற்கடுத்தது கன்றுக்குட்டி; நாலு கால் முளைத்த காயில். கீழே மாஸ்டர் சின்ன எழுத்தில் 'முயற்சி தெரிகிறது' என்று எழுதியிருக்கிறார். பாவம், அவரும் பிழைக்க வேண்டுமே.

அந்த வகுப்பில் பிறந்த உருப்படியான படம் ஒன்றே ஒன்றுதான். அதை வரைந்தவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அக்கா.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவருக்கு என் பெயர் நன்றாகத் தெரியும், கடை விலாசத்தோடு, அதுவே போதும். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை அண்ணா என்பார். எங்களில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீரவில்லை, இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. இண்டூருக்குப் பக்கத்துக் கிராமம். ஒல்லியான உடம்பு. கையில் மஞ்சப்பை. பேச்சு குறைவு, பார்வை அதிகம்.

முதல் நாள் மாஸ்டர் எல்லோருக்கும் ஒரு பென்சிலும் ஒரு ரப்பரும் கொடுத்தார். அக்கா பென்சிலை வைத்துக்கொண்டு ரப்பரைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது வேணாங்க."

"தப்பு வந்தா அழிக்கணும் இல்லீங்களா?"

"வந்தா வந்ததா இருக்கட்டுங்க. அழிச்சா அந்த எடம் வெறுசா போயிடுது."

அவ்வளவுதான். அதன்பிறகு ஒரு நாளும் அவர் ரப்பரைத் தொடவில்லை. கோடு தப்பாகப் போனால் பக்கத்தில் இன்னொரு கோடு. அதுவும் தப்பென்றால் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அவர் வரைந்த செம்பு ஒரு செம்பாக இருக்காது. ஒரே இடத்தில் நின்றபடி குளிரில் நடுங்குகிற பல செம்புகள். மாஸ்டர் அதைத் தூக்கிப் பிடித்து, "கோட்டுல உசுரு இருக்குது பாருங்க" என்றார். என் காயிலில் உசுரு இருப்பதாக அவர் ஒருமுறையும் சொன்னதில்லை.

ரப்பர் மட்டுமல்ல. அக்காவின் போனில் இடம் தீர்ந்துபோய், யார் கூப்பிட்டாலும் அது மூச்சுத் திணறும். உள்ளே முழுக்க யார் யாரோ அனுப்பிய காலை வணக்கப் படங்கள். "பழச அழிச்சுடுங்கக்கா" என்று நானே கை நீட்டினேன். போனை மடியில் செருகிக்கொண்டார். அடுத்த வாரம் மஞ்சப்பையில் இன்னொரு போன் இருந்தது. பழையது அப்படியே நிரம்பிய வயிற்றோடு பக்கத்தில் கிடந்தது.

ஒருமுறை வகுப்புக்கு வர மதியமாகிவிட்டது. இண்டூரில் பென்னாகரம் பஸ் என்று நினைத்து தருமபுரி பஸ்ஸில் ஏறிவிட்டாராம்.

"நாலு எட்டு போனதும் தெரிஞ்சிருக்குமே. எறங்கி மாறியிருக்கலாம்ல?" என்றேன்.

"ஏறியாச்சுங்க. ஏறுனது ஏறுனதுதானே."

தருமபுரி பஸ் நிலையம்வரை போய், அங்கே இறங்கி, அங்கிருந்து திரும்ப ஏறி வந்திருக்கிறார். வகுப்பே சிரித்தது. நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். நல்ல சிரிப்புக்கு நான் எப்போதும் முதல் ஆள். அதுதான் என் வியாதி, பிரஷர் அதற்கு அப்புறம்.

அக்கா உட்கார்வது எப்போதும் ஜன்னலோரம். கீழே ஒகேனக்கல் போகிற ரோடு. ஞாயிற்றுக்கிழமை என்றால் வேன் வேனாகப் போகும். ஒவ்வொரு வண்டி வரும்போதும் தலையைத் தூக்கிப் பார்ப்பார், அது போனதும் காகிதத்துக்குத் திரும்புவார். கண்ணுக்கு ஓய்வு கொடுக்கிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது வண்டியை அல்ல, வண்டிக்குள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த முகத்தை என்பது பிறகுதான் தெரிந்தது. பஸ்ஸிலும் டிரைவருக்குப் பின்னால் வலதுபக்க ஜன்னல்தான் அவர் இடம். எதிரே வருகிற எல்லா டிரைவரும் அந்தப் பக்கம்தானே வர வேண்டும்.

மனித முகம் வரையும் பாடம் வந்தது. "மாடலா யாராவது உக்காரணும்" என்றார் மாஸ்டர். அவர் வாக்கியத்தை முடிக்கும் முன்னே நான் நாற்காலியில் இருந்தேன். மறு வாரம் மீசைக்கு மை பூசி, இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினேன். வீட்டுக்காரி வாசலில் ஸ்கூட்டரை எடுத்தபடி மேலும் கீழும் பார்த்தாள்.

"படம் வரையப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?"

ஸ்கூட்டர் அவளுடையது. ஓட்டுவது அவள், பின்னால் உட்கார்வது நான். இது பென்னாகரத்தில் எல்லோருக்கும் தெரிந்த காட்சி. கல்யாணமான புதிதில் நானும் லைசென்ஸ் எடுக்கப் போனவன்தான். பைக்கில் எட்டு போடச் சொன்னார்கள். எட்டின் மேல் வட்டத்தை முடித்து இடுப்புப் பகுதிக்கு வரும்போது வண்டி ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். தாடை கிழிந்து தையல் போட்டார்கள். அந்தத் தழும்பு இன்றும் உதட்டுக்குக் கீழே ஒரு சின்னக் கொக்கி மாதிரி இருக்கும். அதோடு வண்டிக்கும் எனக்கும் உறவு முறிந்தது. தரையில் எட்டு வரவில்லை, தாளில் செம்பு வரவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்து வரைந்தார்கள். மற்றவர்கள் பார்த்துவிட்டுக் குனிவார்கள். அக்கா குனியவே மாட்டார். பார்த்துக்கொண்டே இருப்பார், கை மட்டும் தானாக நகரும். எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. கன்னத்தைக் கொஞ்சம் உள்ளிழுத்துப் பிடித்தேன். சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்து, பாதி சிரித்தேன். அசைந்தால் அக்கா, "ஆடாதீங்க" என்பார். அந்த ஒரு சொல்லில் இஸ்திரி சட்டைக்குள் எனக்கு வேர்த்துவிடும்.

இப்படிச் சில வாரங்கள் போயிருக்கும். ஒரு நாள் வகுப்பு முடிந்து கீழே பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டார்.

"அண்ணா, ஒரு மூஞ்சி எத்தன நாளைக்கு நெனப்புல நிக்குங்க?"

"நல்ல மூஞ்சியா இருந்தா காலம்பூராவும் நிக்கும்" என்று மீசையைத் தடவினேன்.

"நல்ல மூஞ்சி இல்லீங்க" என்றார்.

அப்புறம் சொன்னார். வீட்டுக்காரரோடு மொபெட்டில் தீவனக் கட்டு வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். உச்சி வெயில். எதிரே வந்த குட்டியானை வண்டி இடித்துவிட்டது. சாமான் ஏற்றுகிற அந்தச் சின்ன லாரிதான், வெள்ளை நிறம். கொஞ்ச தூரம் போய் நின்றது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தான்.

"என்னத்தான் பாத்தான். நல்லா பாத்தானுங்க. எறங்குவான்னு நான் கையத் தூக்குனேன். தலைய உள்ள இழுத்துக்கிட்டுப் போயிட்டான்."

வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துபோனார். நம்பரை யாரும் பார்க்கவில்லை. ஆள் எப்படி இருந்தான் என்று போலீஸில் கேட்டார்களாம்.

"என்னத்தச் சொல்றதுங்க? ரெண்டு கண்ணு, ஒரு மூக்கு. எல்லாத்துக்கும் அதானே இருக்குது. வாயில வரல. ஆனா எனக்குத் தெரியும். நெனப்புல இருக்கறத அப்பிடியே எடுத்துப் போட்டுட்டா காட்டலாமில்லீங்களா? அதுக்குத்தான் இந்தப் பள்ளிக்கூடம். மூக்கு எங்க முடியுது, காது எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியலையே. அதான் உங்கள அப்பிடிப் பாத்தேன்."

டீ ஆறிப்போயிருந்தது. என் அழகும்தான்.

"மீசை இருந்துச்சுங்களாக்கா?" என்று கேட்டேன். ஏதாவது கேட்க வேண்டுமே.

டம்ளரைக் கீழே வைத்தார். "அது மட்டும் நெனப்பு வரலீங்க. தெனமும் கொஞ்சங்கொஞ்சமா போவுது. முழுசாப் போறதுக்குள்ள போட்டுடோணும்."

அடுத்த வாரமே ஒரு பெரிய தாளைக் கொண்டுவந்தார். வகுப்பில் பழகுவதைப் பழகிவிட்டு, கடைசி அரைமணி நேரம் அந்தத் தாளை விரிப்பார். முதலில் அதில் முகமே இல்லை. ஜன்னல் சட்டம் மாதிரி ஒரு கட்டம், அதற்குள் புகை மாதிரி சில கோடுகள். பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். யாரோ உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கலாமா வேண்டாமா என்று தயங்குகிற மாதிரி. நான் எதிரே நாற்காலியில் ஆடாமல் உட்கார்ந்திருப்பேன். இப்போது கன்னத்தை உள்ளிழுப்பதில்லை. பாவப்பட்ட பெண்ணுக்கு என் மூக்கும் காதும் உதவட்டும் என்று ஒரு பெருந்தன்மை. முட்டாள்தனத்தில் அது அடுத்த வகுப்பு.

வாரம் போகப் போக முகம் கெட்டியானது. புருவம் வந்தது. மூக்கு வந்தது. ஒரு நாள் எட்டிப் பார்த்தால் மூக்குக்குக் கீழே மீசை.

"மீசை நெனப்பு வந்துடுச்சுங்களா?"

"இருந்துச்சுங்க" என்றார், தலை நிமிராமல். "கறுகறுன்னு இருந்துச்சு."

மாஸ்டர் அன்று என்னைத் தனியாக மாடிப்படிக்குக் கூட்டிப்போனார். "சார், ஒண்ணு கவனிச்சீங்களா? புதுசா கத்துக்கறவங்க யார வரைஞ்சாலும் எதுக்க இருக்கறவங்க மூஞ்சிதான் வரும். கை அதத்தான் பழகியிருக்கும். இனிமே நீங்க உக்கார வேணாம்."

பிறகு அக்காவிடமும் போய்ச் சொன்னார். "அக்கா, இதுல வேற கோடெல்லாம் கலந்துடுச்சு. இத அழிச்சுட்டு, கண்ண மூடி யோசிச்சு, புதுசா ஒண்ணு போடுங்க."

அக்கா தாளின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டார். "நீங்கதானே பாக்கறத வரையச் சொன்னீங்க?"

மாஸ்டரின் மந்திரம் மாஸ்டரையே கடித்துவிட்டது.

நான் மாடல் நாற்காலிக்குப் போகாமல் என் பழைய இடத்துக்குப் போனேன். பிரயோஜனமில்லை. என் பழைய இடமும் அக்காவுக்கு எதிரில்தான்.

வகுப்பு முடிகிற நாளில் எல்லோர் படத்தையும் சுவரில் ஒட்டினார் மாஸ்டர். சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் எல்லாம் வந்து பார்த்தார்கள். என் காயில் குடும்பத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்தவர்கள் அக்காவின் படத்தின் முன்னால் நின்றார்கள். வண்டி ஜன்னலிலிருந்து தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்க்கிற ஒரு ஆள். நூறு கோடுகளுக்கு நடுவிலிருந்து நேராக நம்மைப் பார்க்கிறான். பாதி சிரிக்கிறான். தாடையில், உதட்டுக்குக் கீழே, ஒரு சின்னக் கொக்கி.

"என்னண்ணா, அச்சு அசல் நீங்க!" என்று யாரோ சொன்னார்கள்.

"தழும்புகூட அப்பிடியே வந்துருக்குது பாருங்க!"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கதை தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும், நாலு பேர் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தயாராக நிற்கிறார்கள் என்றால் என் வாய் எனக்குக் கட்டுப்படாது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன்.

"சரி சரி, மாட்டிக்கிட்டேன். நான்தான். புடிச்சுட்டுப் போங்க!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் அக்கா நின்றிருந்தார். அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பப் படத்தைப் பார்த்தார். என் கை மேலே தூக்கியபடியே இருந்தது. விபத்தன்று தான் கையைத் தூக்கியதாக அக்கா பேக்கரியில் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மெல்ல இறக்கினேன்.

பக்கத்தில் போய், "அக்கா, சும்மா தமாசுக்குச் சொன்னேன்" என்றேன்.

"சொல்லிட்டீங்களே" என்றார்.

வீட்டில் சொன்னபோது மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தம்மாவுக்கு எதுக்கு ரப்பரு? உங்க வாய்க்குத்தான் ஒண்ணு வாங்கி வைக்கோணும்."

மறுநாள் காலையில் மீசையை எடுத்தேன். இதைத்தான் என் வாழ்நாளின் மிகப்பெரிய முட்டாள்தனம் என்பேன். கண்ணாடியில் பார்த்தபோதுதான் உறைத்தது. குற்றம் செய்தவன் முதலில் செய்கிற வேலை எதுவோ, அதைக் குற்றமே செய்யாத நான் பிளேடு வாங்கிவந்து செய்திருக்கிறேன். தாளில் இருந்தவனுக்கு மீசை அப்படியே இருந்தது. அவனைத்தான் யாராலும் அழிக்க முடியாதே.

அதன்பிறகு சில நாள் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு ஒரு விவசாயி எரிந்த மோட்டாரோடு கடைக்கு வந்தார். இண்டூர்ப் பக்கம்.

"ஏனுங்க, உங்க படத்த ஒரு அம்மா ரோட்டோரத்துல கடை கடையாக் காட்டிட்டு வருது. இந்தாளப் பாத்திருக்கீங்களான்னு. 'அட, இவரத் தெரியாதா, பென்னாகரம் மோட்டார் கடைக்காரரு'ன்னு நாந்தான் சொன்னேன். கடை எங்கன்னு வழிகூடச் சொன்னேன்." அவர் முகத்தில் உபகாரம் செய்த பெருமை. "படம் நல்லா வந்துருக்குதுங்க. மீசையத்தான் ஏன் எடுத்துட்டீங்க?"

அடுத்து ஒரு கண்டக்டர் சொன்னார். அப்புறம் ஒரு பழக்கடைக்காரர். எல்லோருக்கும் என்னைத் தெரிந்திருந்தது. இத்தனை பேருக்கு என்னைத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஒரு ஓரத்தில் சந்தோஷமாகக்கூட இருந்தது என்று சொன்னால் காறித் துப்புவீர்கள், துப்புங்கள். ஆனால் கம்பி சுற்றும்போது ஒன்று தோன்றியது, கை நின்றுவிட்டது. அந்தத் தாளின் அடியில், முதல் கோடுகளில், நிஜமான ஆள் இன்னும் இருக்கிறான். அவன் மேல் என்னை ஒட்டிவிட்டாயிற்று. எவனோ ஒருவன் என் முகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஜன்னலில் கையை வைத்தபடி, இதே ரோட்டில் நிம்மதியாக வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான். அக்காவுக்கு இனி அவன் எதிரே வந்து நின்றாலும் தெரியாது.

அக்கா ஒரு மதியம் வந்தார். கடை வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். மஞ்சப்பையிலிருந்து தாளை எடுத்து மடியில் விரித்தார். வகுப்பில் பார்ப்பது போலவே பார்த்தார்.

"மீசைய எடுத்துட்டீங்க."

"வெயிலு தாங்கலீங்கக்கா" என்றேன். என் வாயிலிருந்து வந்தது அதுதான்.

தண்ணீர் கொடுத்தேன். வாங்கி வைத்துவிட்டுக் குடிக்கவில்லை. மாஸ்டர் சொன்னதைச் சொன்னேன். எதிரே இருப்பவர் முகம் கைக்கு வந்துவிடும், நான் மாதக்கணக்கில் எதிரே இருந்தேன், அதனால் வந்தது இது என்றேன். கேட்டுக்கொண்டார். அவர் விரல் படத்தின் தாடையில் போய் நின்றது, கொக்கி மேல்.

"இது எப்பிடி வந்துச்சுங்க?"

எனக்கு உயிர் திரும்பி வந்தது. இதைவிட நல்ல சாட்சி வேறு என்ன வேண்டும்? எட்டு போட்ட கதை என்னிடம் இருப்பதிலேயே நல்ல கதை. எங்கே சொன்னாலும் சிரிப்பு வராமல் போனதில்லை. எழுந்து நின்று கையை ஹேண்டில்பார் மாதிரி பிடித்துக்கொண்டு சொன்னேன். மேல் வட்டம், இடுப்பு, வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், தையல், எல்லாம்.

"அன்னியிலருந்து எந்த வண்டியையும் தொட்டதே இல்லீங்கக்கா. ஊரையே கேட்டுப் பாருங்க. எனக்கு லைசென்ஸே கெடையாது!"

அக்கா சிரிக்கவில்லை. தாளைச் சுருட்டினார். சுருட்டி முடிக்கும்வரை என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதனாலதான் அன்னிக்கு எறங்கலீங்களா?"